பெண்ணுடல் எப்படி எதிர்ப்பாகிறது? பெண்ணிய நிகழ்த்துகலை: ஒரு விளக்கம்

பொது இடத்தில் ஒரு பெண் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறார். இன்னொருவர் ஆடையைக் களைகிறார். நூறு பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே தாளத்தில் கால் உதைக்கிறார்கள். மறுநாள் அதன் 20 விநாடித் துணுக்கு கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. இது கலையா, போராட்டமா, ஆபாசமா என்று சண்டை தொடங்குகிறது. முதல் கேள்வி வடிவத்தைப் பற்றியது, இரண்டாவது நோக்கத்தைப் பற்றியது, மூன்றாவது சட்டத்தைப் பற்றியது. ஒன்றின் பதிலை இன்னொன்றின் தலையில் கட்டுவதால்தான் சண்டை முடிவதே இல்லை.

துணுக்கில் தெரிவது உடல் மட்டுமே. அந்த உடலுக்கு முன்கூட்டியே வகுத்த விதி, தேர்ந்தெடுத்த இடம், குறித்த நேரம் எதுவும் தெரிவதில்லை. எதிர்ப்பின் பெரும்பகுதி அவற்றில்தான் இருக்கிறது.

நாடகத்திலிருந்து எங்கே பிரிகிறது

நாடகத்தில் நடிகை வேறொருத்தியாக மாறுகிறார். அவர் கையிலிருக்கும் கத்தி குத்தாது. நிகழ்த்துகலையில் (performance art) செய்பவர் தன் பெயரிலேயே, உண்மையான செயலை, அதற்கு ஆகும் உண்மையான நேரத்தில் செய்கிறார். கத்தரிக்கோல் வெட்டும், குளிர் நடுக்கும். கதையும் பாத்திரமும் வசனமும் பெரும்பாலும் இருக்காது. அவற்றின் இடத்தில் ஒரு விதி இருக்கும்: யார், எங்கே, எதை, எவ்வளவு நேரம் செய்வது, யார் நிறுத்தலாம் என்பதைச் சொல்லும் சில வரிகள்.

யோகோ ஓனோவின் ‘கட் பீஸ்’ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1964இல் ஜப்பானின் கியோட்டோவில் முதலில் நிகழ்ந்தது. விதி இவ்வளவுதான்: செய்பவர் மேடையில் உட்காருவார், எதிரே கத்தரிக்கோல் இருக்கும். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் ஆடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம். அவர் அசையமாட்டார். எப்போது முடிப்பது என்பது அவர் விருப்பம்.

ஓனோ இதில் எதையும் ‘செய்யவில்லை’. செய்ததெல்லாம் பார்வையாளர்கள்தான். 1965இல் நியூயார்க்கின் கார்னகி ரிசைட்டல் ஹாலில் எடுத்த படத்தில் முதலில் வருபவர்கள் தயங்கித் தயங்கிச் சிறு துண்டாக வெட்டுகிறார்கள். போகப் போகத் துணிச்சல் ஏறுகிறது. ஓர் இளைஞர் உள்ளாடைப் பட்டைவரை வெட்ட, ஓனோ கையால் மார்பை மறைத்துக்கொள்கிறார். பெண்ணின் உடலில் கைவைக்க அனுமதி கிடைத்தால் ஒரு நாகரிகமான கூட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பது மேடையிலேயே தெரிந்துவிடுகிறது. செய்பவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட அந்த விதி கேட்பதில்லை. ஆணின் உடலில் அதே விதி ஓடினால் வேறு நிகழ்வு பிறக்கும். அந்த வேறுபாடுதான் இதைப் பெண்ணியப் படைப்பாக்குகிறது. 2003இல் பாரிஸில், 70 வயதில், ஓனோ இதை மறுபடி நிகழ்த்தினார்.

ஏன் உடலையே எடுத்தார்கள்

ஓவியக் கல்லூரியிலும் அருங்காட்சியகத்திலும் பெண்ணுக்குப் பல நூற்றாண்டுகளாக ஒதுக்கிய இடம் மாடலின் இடம்: பார்க்கப்படுபவள். 1963இல் கரோலி ஷ்னீமன் தன் பணியறையில் உடலெங்கும் வண்ணமும் சுண்ணப்பொடியும் பூசிக்கொண்டு, தன் படைப்புகளுக்கு நடுவே தானும் ஒரு பொருளாக நின்று படமெடுக்க வைத்தார். வரைபவளும் வரையப்படுபவளும் ஒருத்தியே என்றானதும் பழைய ஏற்பாடு குலைந்தது.

இரண்டாவது காரணம், பெண்கள் பேச விரும்பிய விஷயங்கள் நடப்பதே உடலில்தான். வன்புணர்வு, கருக்கலைப்பு, வீட்டுவேலை, காத்திருப்பு. 1972இல் ஜூடி சிகாகோவும் மிரியம் ஷபீரோவும் மாணவிகளோடு சேர்ந்து ஹாலிவுட்டில் ஒரு பழைய மாளிகையை ‘வுமன்ஹவுஸ்’ ஆக்கினார்கள். அங்கே ஃபெயித் வைல்டிங் நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடியபடி, பிறந்ததிலிருந்து சாவுவரை ஒரு பெண் எதெதற்கெல்லாம் காத்திருக்கிறாள் என்று ஒரே தொனியில் அடுக்கிக்கொண்டே போனார். 1973இல் மியர்ல் லேடர்மன் யூகலிஸ், ஹார்ட்ஃபோர்டு நகர அருங்காட்சியகத்தின் படிகளையும் தரையையும் மணிக்கணக்கில் கழுவித் துடைத்தார். துப்புரவுப் பணியாளர் தினமும் செய்யும் அதே வேலை. அதைக் கலைஞர் செய்யும்போது மட்டும் ஏன் நின்று பார்க்கிறீர்கள் என்ற கேள்வி அதற்குள் இருந்தது.

இவற்றில் நிர்வாணம் ஒன்றில்தான் இருக்கிறது. பெண்ணிய நிகழ்த்துகலை என்றாலே ஆடை களைவது என்ற எண்ணம் செய்திப் படங்கள் உண்டாக்கியது. இந்தத் துறையில் தேவைக்கு மேல் கவனம் பெற்ற கருவி நிர்வாணம்தான்.

ஒரு நிகழ்வின் ஐந்து உறுப்புகள்

1. விதி. ஒரு சிறு பத்தியில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பார்ப்பவருக்குப் புரியாது, செய்பவரும் நடுவில் குழம்புவார். முடியும் நேரமும் விதியின் பகுதி. மரினா அப்ரமோவிச் 1974இல் நேப்பிள்ஸில் நிகழ்த்திய ‘ரிதம் 0’க்கு 6 மணி நேரம் என்று எல்லை இருந்தது. மேசையில் 72 பொருட்கள்: ரோஜா, தேன், இறகு முதல் அறுவைக் கத்தி, துப்பாக்கி, ஒரு தோட்டா வரை. எதையும் என்மேல் பயன்படுத்தலாம், பொறுப்பு என்னுடையது என்று எழுதி வைத்தார். ஆடை கிழிந்தது, தோல் கீறப்பட்டது, துப்பாக்கி அவரை நோக்கித் திரும்பியது, பார்வையாளர்களுக்குள்ளேயே கைகலப்பு மூண்டது. தன்னைப் பெண்ணியக் கலைஞர் என்று அழைப்பதை அப்ரமோவிச் ஏற்பதில்லை. ஆனாலும் பெண்ணியத் திறனாய்வு அதிகம் மேற்கோள் காட்டும் நிகழ்வுகளில் இது ஒன்று.

2. இடம். இடம் பாதி வாசகத்தைப் பேசிவிடும். 2003இல் குவாத்தமாலா நகரில் ரெஜினா ஹொசே கலிந்தோ அரசமைப்பு நீதிமன்றத்திலிருந்து தேசிய மாளிகைவரை நடந்தார். கையில் மனித இரத்தம் நிரம்பிய பாத்திரம். அதில் பாதங்களை நனைத்து நனைத்து ஒவ்வொரு அடியாகச் சுவடு பதித்தார். முன்னாள் சர்வாதிகாரி ரியோஸ் மோன்ட் அதிபர் தேர்தலில் நிற்க நீதிமன்றம் வழிவிட்டதற்கான எதிர்ப்பு அது. அதே நடையைக் கலைக்கூடத்துக்குள் நடந்திருந்தால் இரத்தம் மட்டும் மிஞ்சியிருக்கும், குற்றச்சாட்டு காணாமல் போயிருக்கும்.

3. காலம். நீளம் என்பதே ஒரு பொருள். ஒரு நிமிடம் அசையாமல் நிற்பது காட்சி. மூன்று மணி நேரம் நிற்பது பார்ப்பவருக்கே கூச்சம் தரும்.

4. பார்வையாளர். தாங்கள் பார்ப்பது கலை என்று அவர்களுக்குத் தெரியுமா என்பது முக்கியமான முடிவு. ஏட்ரியன் பைப்பர் 1970இல் வினிகர், முட்டை, பால், மீனெண்ணெய் கலந்த கலவையில் ஒரு வாரம் ஊறிய உடையைப் போட்டுக்கொண்டு நியூயார்க் சுரங்க ரயிலில் ஏறினார். அறிவிப்பு எதுவும் கிடையாது. அறிவித்திருந்தால் பயணிகள் ரசிகர்களாகியிருப்பார்கள். அறிவிக்காததால் ஒரு கறுப்பினப் பெண்ணிடமிருந்து விலகி உட்காரும் பயணிகளாகவே இருந்தார்கள்.

5. பதிவு. நிகழ்வை நேரில் பார்ப்பவர் சிலர்தான். மீதி உலகத்துக்குப் போவது புகைப்படமும் காணொளியும். இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள்.

தொலைக்காட்சிக்காகவே கட்டிய ஒரு நிகழ்வு

பதிவைப் பின்யோசனையாக விடாமல் முதலிலேயே கணக்கில் எடுத்ததற்கு 1977இன் லாஸ் ஏஞ்சலஸ் நல்ல பாடம். அந்த ஆண்டு மே மாதம் சுசான் லேசி நகரின் பெரிய வரைபடம் ஒன்றைப் பொது இடத்தில் மாட்டினார். மூன்று வாரம், காவல் துறையில் பதிவான ஒவ்வொரு வன்புணர்வுக்கும் அந்த இடத்தில் சிவப்பு முத்திரை குத்தப்பட்டது. ஒவ்வொன்றையும் சுற்றி மங்கலாக மேலும் ஒன்பது முத்திரைகள், அவை புகாராகாதவை. பக்கத்திலேயே இன்னொரு வரைபடம் இருந்தது. உதவி எங்கே கிடைக்கும் என்று அது காட்டியது. பாதிப்பை மட்டும் காட்டியிருந்தால் பார்க்கும் பெண்ணுக்குப் பயம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

அந்த ஆண்டின் இறுதியில் தொடர் கொலைகள் நடந்தன. கொல்லப்பட்ட பெண்களின் நடத்தையையும் கொலையாளியின் மர்மத்தையும் பற்றியே செய்திகள் ஓடின. லேசியும் லெஸ்லி லேபவிட்ஸும் டிசம்பர் 13 அன்று நகர மன்றப் படிகளில் ‘துக்கத்திலும் சினத்திலும்’ என்ற நிகழ்வை நடத்தினார்கள். சவ ஊர்தியிலிருந்து பத்துப் பெண்கள் இறங்கினார்கள். ஒன்பது பேர் கறுப்பு, ஒருவர் சிவப்பு. தலைக்கவசமும் முக்காடும் சேர்ந்து ஒவ்வொருவரும் சுமார் 7 அடி உயரம். இந்த அளவுகள் எதுவும் அலங்காரத்துக்காக வந்தவை கிடையாது:

– உயரம், கூட்டத்துக்கு மேலே தலை தெரிந்து எந்தக் கோணத்திலும் கேமராவுக்கு அகப்பட.

– நகர மன்றப் படி, செய்தியாளர்களும் மன்ற உறுப்பினர்களும் ஒரே இடத்தில் கிடைக்க.

– ஒவ்வொருவரும் பேசியது சில விநாடிகள். ஒருவர் கொலையைச் சொல்ல, அடுத்தவர் வீட்டில் நடக்கும் அடியைச் சொல்ல, எல்லாம் ஒரே சங்கிலி என்பது வெட்டித் தொகுத்தாலும் சிதையாமல் நின்றது.

– பின்னால் பதாகை. ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் செய்தி போய்ச் சேரும்.

– செய்தியாளர்களுக்குக் கையில் கோரிக்கைப் பட்டியல். தலைப்பை அவர்கள் கற்பனையில் உருவாக்க விடவில்லை.

2019இல் சிலியின் வால்பரைசோ நகரில் நான்கு பெண்கள் சேர்ந்த ‘லாஸ் தெசிஸ்’ குழு இன்னொரு வழியைக் கண்டது: யாரும் திரும்பச் செய்யக்கூடிய நிகழ்வு. கண்ணில் கறுப்புத் துணி, நேரான வரிசைகள், எளிய தாளத்தில் ஒரு பாட்டு, நீட்டிய விரல், ஒருசில அசைவுகள். ஒத்திகைக்கு ஒரு மாலை போதும். நடுவில் குந்தி எழும் அசைவு, சிலிக் காவல் துறை பிடித்த பெண்களை ஆடையின்றிக் குந்தவைத்ததைச் சுட்டுவது. நவம்பர் 25 அன்று தலைநகர் சான்டியாகோவில் நடந்த பிறகு சில வாரங்களிலேயே பல நாட்டு நகரங்களில், உள்ளூர் மொழிகளில், அது திரும்ப நடந்தது. இஸ்தான்புல்லில் காவல் துறை கலைத்து சிலரைப் பிடித்தபோது, துருக்கி நாடாளுமன்றத்துக்குள் பெண் உறுப்பினர்கள் அதைப் பாடினார்கள். தனி ஒருத்தியின் உடல் வழியாக நடப்பது அவரைக் கைது செய்தால் நின்றுவிடும். எவர் உடலிலும் ஓடும் விதியை அப்படி நிறுத்த முடியாது.

களைவது, உடுத்துவது

ஆடை களைவது எதிர்ப்பாவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. எதிரே நிற்பவருக்கும் அந்தச் செயலின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். 2002இல் நைஜீரியாவின் எஸ்க்ராவோஸ் எண்ணெய் முனையத்தை உள்ளூர்ப் பெண்கள் சுமார் பத்து நாள் பிடித்து வைத்திருந்தார்கள். வேலை, மின்சாரம், குடிநீர் அவர்கள் கேட்டவை. மறுத்தால் ஆடை களைவோம் என்றார்கள். தாய்மார் அப்படிச் செய்வது அங்கே கொடிய சாபம். யாரும் களையவில்லை, மிரட்டலே போதுமாயிருந்தது, நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. அதே மிரட்டலை அந்த நம்பிக்கை இல்லாத ஊரில் விடுத்தால் சிரிப்பொலிதான் கேட்கும்.

இன்னோரிடத்தில் உடுத்துவதே கலகமாகும். திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீண்டது. 1829 ஆணை குப்பாயம் என்ற சட்டையைப் போட விட்டது, தோளின்மேல் போடும் தோள்சீலைக்குத் தடை விதித்தது. 1859 ஜூலை 26 அறிவிப்பில்தான் மேலாடை உரிமை வந்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. நிகழ்த்துகலை என்ற பெயரே இல்லாத காலத்து விஷயம் இது. ஆனாலும் துணியின் அளவைச் சட்டம் தீர்மானிக்கும் இடத்தில் துணியே ஆயுதம் என்பது இதில் தெளிவு.

2017 டிசம்பரில் தெஹ்ரானின் எங்கெலாப் சாலையில் ஒரு பெண் தெருவோர மின்பெட்டிமேல் ஏறி, தலைத்துணியைக் குச்சியில் கட்டிப் பிடித்தபடி பேசாமல் நின்றார். கைதானார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஏறத் தொடங்கியதும், பெட்டிகளின்மேல் யாரும் நிற்க முடியாதபடி சரிவான தகடு பொருத்தப்பட்டது. நிகழ்வின் எந்த உறுப்பு அரசைத் தொந்தரவு செய்தது என்று அந்தத் தகடே சொல்லிவிட்டது.

டெல்லி நாடகக் கலைஞர் மல்லிகா தனேஜாவின் ‘தோடா தியான் சே’ களைவது, உடுத்துவது இரண்டையும் ஒன்றில் கோத்தது. ஆடையின்றி, பார்வையாளரை நேராகப் பார்த்தபடி சில நிமிடம் பேசாமல் நிற்பார். பிறகு பெண்ணுக்குச் சொல்லப்படும் ‘கொஞ்சம் கவனமாயிரு’ என்ற அறிவுரைகளைப் பேசிக்கொண்டே ஆடைமேல் ஆடையாக அணிவார், உருவமே மறையும்வரை. அரங்கம் முதலில் நிர்வாணத்தைப் பார்த்துக் கூசும். கடைசியில் அந்தத் துணிக்குவியலைப் பார்த்து.

காபூலில் குப்ரா காதெமி 2015இல் மார்பும் பின்புறமும் புடைத்த இரும்புக் கவசம் அணிந்து தெருவில் நடந்தார். அவரால் நடக்க முடிந்தது சுமார் 8 நிமிடம். கூட்டம் சூழ்ந்தது, கொலை மிரட்டல் வந்தது, நாட்டைவிட்டு வெளியேறினார்.

எங்கே பிசகுகிறது

1. நிறுத்தும் அதிகாரம் யாரிடமும் இல்லை. அப்ரமோவிச் 1974இல் பெல்கிரேடில் எரியும் நட்சத்திரத்தின் நடுவே படுத்தபோது, நெருப்பு ஆக்சிஜனை உறிஞ்ச, மயங்கிவிட்டார். படுத்திருப்பதும் மயங்கிக் கிடப்பதும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததால் உடனே யாருக்கும் தெரியவில்லை. தீ காலருகே வந்தும் அசையாததைக் கண்ட பிறகே தூக்கினார்கள். நிகழ்வுக்கு வெளியே ஒருவர், நிறுத்தும் உரிமையோடும் ஒரு சைகையோடும், முழுநேரமும் நிற்க வேண்டும். அவர் கையில் கேமரா இருக்கக் கூடாது; படமெடுப்பவர் பார்ப்பது வேறு.

2. உடலின் கணக்கு. நெடுநேரம் அசையாமல் நிற்பவர் முழங்காலை விறைப்பாகப் பூட்டினால் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரும். வெளியே தெரியாதபடி கால்விரலையும் கெண்டைக்காலையும் இறுக்கித் தளர்த்தப் பழக வேண்டும். உடல் வண்ணம் பூசுவதானால் முந்தைய நாளே முன்கையில் சிறிது பூசிப் பார்க்க வேண்டும். எடுத்த இரத்தம் சில நிமிடங்களில் உறையும். உறையாமல் இருக்க சோடியம் சிட்ரேட் சேர்ப்பார்கள். பிறர் இரத்தமானால் நோய்த்தொற்றுச் சோதனை தவிர்க்க முடியாதது. கண்கட்டிய வரிசைக்குப் பக்கவாட்டில் காவலுக்கு ஆள் வேண்டும்.

3. படம் நிகழ்வை விழுங்குவது. வாலி எக்ஸ்போர்ட் கவட்டைப் பகுதி வெட்டப்பட்ட கால்சட்டையோடு முனிக் திரையரங்கு ஒன்றின் வரிசைகளுக்கிடையே நடந்தார். திரையில் பெண்ணுடலை ரசிப்பவர் நேரில் பார்க்கட்டும் என்று. 1969இல் எடுத்த சுவரொட்டிப் படத்தில் அவர் கையில் துப்பாக்கி இருக்கிறது. திரையரங்கில் துப்பாக்கி இல்லை என்று அவரே பிற்பாடு தெளிவுபடுத்தினார். ஆனால் துப்பாக்கியோடு நடந்ததாகவே கதை பரவிவிட்டது. 2005இல் நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அப்ரமோவிச் இதை மறுநிகழ்வு செய்தபோது, கையில் துப்பாக்கியோடு 7 மணி நேரம் இருந்தார். மறுபடி நிகழ்ந்தது படம்தான்.

4. யாருடைய உடல்? 2008இல் உக்ரைனில் உருவான ஃபெமன் குழுவின் மார்பு திறந்த போராட்டங்கள் உடனடி கவனம் பெற்றன. இளம், மெலிந்த, வெள்ளை உடல்களே முன்னால் வந்தன என்ற விமர்சனமும் கூடவே வந்தது. நியாயமான விமர்சனம்தான். எந்த உடல்களைப் பத்திரிகை ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்ததோ அவற்றையே எதிர்ப்பின் பெயரில் திரும்பக் கொடுத்தால் பத்திரிகைக்கு நட்டமில்லை.

5. கூலி ஆட்கள். அருங்காட்சியகம் மறுநிகழ்வுக்கு வேறு உடல்களை அமர்த்தும்போது விதி வேலை ஒப்பந்தமாகிவிடுகிறது. 2011இல் லாஸ் ஏஞ்சலஸ் தற்காலக் கலை அருங்காட்சியகத்தின் விருந்துக்கு, மேசைமேல் ஆடையின்றிப் படுக்கவும் மேசைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி மெல்லச் சுழலவும் ஆட்கள் எடுக்கப்பட்டார்கள். ஊதியம் 150 டாலர். நடனக் கலைஞர் இவோன் ரெய்னர் இதைச் சுரண்டல் என்று பகிரங்கமாகக் கண்டித்தார். இடுக்கமான வாயிலில் ஆடையின்றி எதிரெதிரே நிற்கும் இருவருக்கிடையே பார்வையாளர் நுழைந்து போகும் நிகழ்வு 2010இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மறுபடி நடந்தது. அதில் நின்ற ஒருவர், பார்வையாளர்கள் தன்னைத் தகாத முறையில் தொட்டார்கள் என்று 2024இல் அந்த அருங்காட்சியகத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். ஓனோவின் விதியில் முடிக்கும் உரிமை செய்பவர் கையில் இருந்தது. வாடகை உடலிடம் அது இருப்பதில்லை.

சட்டம் எப்படிப் பிடிக்கிறது

பெரும்பாலான நாடுகளில் மூன்று வலைகள்: ஆபாசம், பொது ஒழுங்கு, மத அவமதிப்பு. செய்தவரின் நோக்கத்தைவிட எந்த வலை வீசப்படுகிறது என்பதே தண்டனையைத் தீர்மானிக்கிறது. 2012 பிப்ரவரி 21 அன்று மாஸ்கோ தேவாலயத்தில் புஸ்ஸி ரயட் குழு நிகழ்த்தியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆடை களைதல் இல்லை. வண்ண முகமூடி போட்டிருந்தார்கள். மத வெறுப்பால் தூண்டப்பட்ட ரௌடித்தனம் என்று மூவருக்கு இரண்டாண்டுச் சிறை விதித்தார்கள்.

மாறாக, ஒரு தாய் தன் மேலுடலில் தன் பிள்ளைகள் ஓவியம் தீட்டுவதைக் காணொளியாக வெளியிட்ட வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் அவரை விடுவித்தது. நிர்வாணமும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல, சூழலைப் பார்க்க வேண்டும் என்றது. ஆணின் திறந்த மேலுடல் இயல்பாகப் பார்க்கப்படுவதையும் பெண்ணின் மேலுடல் அப்படிப் பார்க்கப்படாததையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

‘பொறுப்பு என்னுடையது’ என்று கலைஞர் எழுதிவைப்பதை நம்பிப் பார்வையாளர் கத்தியை எடுத்துவிடக் கூடாது. கடுங்காயத்துக்கு முன்சம்மதம் பல நாடுகளின் சட்டத்தில் தற்காப்பாகாது.

கேட்டதும் கிடைத்ததும்

கவனம் ஈர்த்தது என்பதைப் பலனாகக் கணக்கில் வைப்பது சோம்பேறித்தனம். கோரிக்கை என்ன, எது நிறைவேறியது என்று பார்க்கலாம். 1977 நிகழ்வுக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸில் உதவி மையங்களின் எண்களைத் தொலைபேசிப் புத்தகத்தில் தரும் கோரிக்கை ஏற்கப்பட்டது. கொலையாளிக்கு வைத்த பரிசுத்தொகை பெண்களுக்கான தற்காப்புப் பயிற்சிக்குத் திரும்பியது. கோரிக்கை சிறியதாக இருந்ததாலும், நிறைவேற்றக்கூடியவர் எதிரிலேயே இருந்ததாலும் இது முடிந்தது.

மணிப்பூர்க் கணக்கு இன்னும் சிக்கலானது. மகாசுவேதா தேவியின் கதையை வைத்து இயக்குநர் கன்னைலால் 2000இல் மேடையேற்றிய நாடகத்தில் நடிகை சாவித்திரி ஆடையின்றி இராணுவ அதிகாரியை எதிர்கொண்டு நின்றபோது ஊரே கொதித்தது. நான்கு ஆண்டு கழித்து, 2004 ஜூலை 15 அன்று, இம்பாலின் காங்ளா கோட்டை வாயிலில் 12 தாய்மார் ஆடை களைந்து நின்றார்கள். தங்ஜம் மனோரமா என்ற பெண் அசாம் ரைபிள்ஸ் என்ற துணை இராணுவப் படையின் காவலில் கொல்லப்பட்டதற்கு எதிராக. ‘இந்திய இராணுவமே, எங்களையும் வன்புணர்’ என்றது பதாகை. அவர்கள் அதைக் கலை என்று சொல்லவில்லை. அந்தப் பெயரை நாம் ஒட்டுவதும் அவர்களைச் சிறுமைப்படுத்தும். ஆனால் மேலே சொன்ன ஐந்து உறுப்புகளும் அதில் கச்சிதமாக இருந்தன: கோட்டை அப்போது அசாம் ரைபிள்ஸின் முகாம், நின்றவர்கள் வயதான அன்னையர், பார்வையாளர்கள் வாயில் காவலில் இருந்த படைவீரர்கள்.

அடுத்த மாதம் இம்பால் நகராட்சிப் பகுதியிலிருந்து ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. மாநிலத்தின் மற்ற பகுதிகளில் நீடித்தது. நவம்பரில் அசாம் ரைபிள்ஸ் காங்ளாவைக் காலி செய்தது. 2014 டிசம்பரில் மனோரமாவின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.